எல்லா விண்ணப்பத்திலும் செத்துப்போகும் அம்மா

நீராவி அக்காவுக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கைதான் கிளம்பும். அடிக்க அல்ல, துடைக்க. மேசையைத் துடைப்பாள். துடைத்த மேசையை மறுபடியும் துடைப்பாள். பழைய பல்துலக்கியை எடுத்துக் குழாயின் கழுத்தைத் தேய்ப்பாள். அவள் வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் சமையலறை கண்ணைப் பறித்தால், காலணியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "யாரு?" என்று மட்டும் கேட்பார். என்ன, ஏன் என்பதெல்லாம் அப்புறம். அந்தக் கோபத்துக்குக் காரணம் தான் அல்ல என்று உறுதியான பிறகுதான் உள்ளே காலை வைப்பார்.

அன்று துடைப்பு சமையலறையோடு நிற்கவில்லை. சுவிட்சுகள், கதவுப் பிடிகள், தொலைக்காட்சியின் முதுகு, எதுவும் தப்பவில்லை.

"யாரு?"

"உங்க தம்பி."

பேருந்துக்காரர் மூச்சை விட்டார். ஒரு காலணியைக் கழற்றிக்கொண்டே, "அவன் என்ன பண்ணான்?" என்றார்.

"எங்க அம்மாவைக் கொன்னுட்டான்."

கழற்றிய காலணி கையில் இருக்க, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அத்தை நல்லாத்தானே இருந்தாங்க? ஞாயித்துக்கிழமைகூட என்னை வாய் நிறையத் திட்டினாங்களே!"

"ஆபரேஷன் பண்ணினதுல செத்துட்டாங்களாம். தியேட்டருக்குள்ள போறப்ப என் கையில நீலச் சால்வையைக் குடுத்துட்டுப் போனாங்களாம். உங்க தம்பி எழுதியிருக்கான். நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அவள் துணியைப் பிழிந்த பிழியில் தண்ணீரோடு நூலும் வந்துவிடும் போலிருந்தது.

*

நீராவி அக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. இந்த நாட்டுக்கு வருவதற்கு முன், ஊரில் ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள் அவள். அறுவை சிகிச்சை முடிந்து இறங்கிவரும் கருவிகளைக் கழுவி, அடுக்கி, நீராவியில் கிருமி நீக்கி மேலே அனுப்புகிற அறை அது. கத்தரிக்கோலை விரித்து அதன் மூட்டை உருப்பெருக்கியின் கீழ் பார்க்க வேண்டும். இடுக்கியின் பல்லுக்குப் பல் பார்க்க வேண்டும். தட்டில் அடுக்கி, இரட்டைத் தாளில் பொட்டலம் கட்டி, பட்டை ஒட்டி, நீராவிப் பெட்டிக்குள் ஏற்ற வேண்டும். நீராவி பட்டதும் பட்டையில் கறுப்புக் கோடுகள் வரும். கோடு வந்தும் பொட்டலம் ஈரமாக இருந்தால் அது செல்லாது. மேலே எந்த மருத்துவர் குதித்தாலும் பிரித்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஒவ்வொரு தட்டின் சீட்டிலும் அடுக்கியவர் கையெழுத்து இருக்கும். திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்பதுதான் அந்த அறையின் ஒரே சட்டம். ஒருமுறை, பக்கத்து மேசைக்காரி அவசரத்தில் அப்படிப் போட்டதை இவள் பார்த்துவிட்டாள். நேரே மேலதிகாரியிடம் போய்ச் சொன்னாள். அந்தப் பெண்ணை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். வருடக்கணக்கில் பழகிய தோழி. அதற்குப் பிறகு எதிரில் வந்தாலும் இவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இங்கே வந்தபின் கிடைத்தது ஓட்டல் விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடம். ஈர விரிப்பைச் சூட்டு உருளைக்குள் விட்டு மறுபக்கம் பிடித்து மடிக்கிற வேலை. அங்கேயும் நீராவி, இங்கேயும் நீராவி என்று யாரோ சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அந்தப் பெயரில் வருத்தம் இல்லை. இரண்டும் ஒரே நீராவி என்று நினைக்கிறார்களே, அதில்தான் வருத்தம்.

பழைய வேலைக்குப் போக முயலாமல் இல்லை. ஆனால் இந்த நாட்டில் தட்டு அடுக்குகிற வேலைக்கும் கவர் லெட்டர் கேட்டார்கள். 'இந்தப் பணியின் மீது உங்களுக்குள்ள பேரார்வத்தை ஒரு பக்கத்துக்கு மிகாமல் விளக்குக.' நீராவி அக்கா அந்த வரியை முதன்முதல் படித்தபோது வாய்விட்டே கேட்டாள்: "கத்தரிக்கோல் கழுவ ஆசை எதுக்குடா? கவனம் இருந்தா போதாதா?"

இந்த நாட்டு மொழியைப் பேசும்போது அவளுக்கு நாக்கு தடுக்கும். படிக்க நன்றாகவே வரும். ஆனால் எழுதுவது என்றால் பயம். அந்தப் பயத்துக்கு மருந்தாக வந்தவன் அவள் கொழுந்தன்.

கொழுந்தன் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறவன். எங்கே போனாலும் கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவதால் நம்மவர்கள் நடுவில் அவனுக்கு 'லேப்டாப்' என்று பெயர். யாருக்கு வேலை வேண்டுமானாலும் அவன்தான் கவர் லெட்டர் எழுதுவான். காசு வாங்கமாட்டான். ஒரு டீ குடிப்பான், "கவலையை விடுங்க, வேலை உங்களுக்குத்தான்" என்பான், போய்விடுவான். இலவசமாகச் செய்கிறவனைக் கேள்வி கேட்க யாருக்கு வாய் வரும்?

இந்த முறை வந்தது நகரத்தின் பெரிய மருத்துவமனை விளம்பரம். கிருமி நீக்கும் பிரிவில் நிரந்தர உதவியாளர். ஆறு வருடத்துக்குள் இதே வேலையில் அனுபவம் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகப் போட்டிருந்தார்கள். அவள் ஊரில் வேலையை விட்டு வந்து ஆறு வருடம் முடியப் போகிறது. இந்தக் கதவு மூடினால் பதினெட்டு வருடமும் செல்லாக் காசு. பிறகு இருபது வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, தட்டு என்றால் என்ன என்பதிலிருந்து படித்து வர வேண்டும்.

லேப்டாப் கடிதத்தை அச்செடுத்துக் கொண்டுவந்தபோது அவள் உருளைச் சூட்டில் வெந்த கைக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதியிருக்க?"

"எல்லாம் இங்க உள்ள முறைப்படிதான் அண்ணி. மனசைத் தொடுற மாதிரி இருக்கணும், அதான் இவங்களுக்குப் பிடிக்கும். நீங்க கையெழுத்தை மட்டும் போடுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

களிம்பு தாளில் படாமல் இருக்க வேண்டுமே என்ற கவலையோடு, அவள் கையெழுத்தை மட்டும் போட்டாள்.

*

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அதுவே அதிசயம். சலவைக்கூடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு, கொண்டை போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு போனாள். நீள மேசை, தண்ணீர்க் கூஜா, எதிரே மூன்று பேர். நடுவில் இருந்தவள் கிருமி நீக்கும் பிரிவின் தலைவி. மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்திருந்தாள். வலது பக்கம் பணியாளர் அலுவலகத்து இளைஞன் ஒருவன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். இடது பக்கம் இருந்தவர் கடைசிவரை வாயே திறக்கவில்லை.

கண்ணாடிக்காரி கண்ணாடியை இறக்கி மாட்டி, கடிதத்தைப் பார்த்தாள்.

"உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கிருமி தொற்றி இறந்துவிட்டார். அன்றைக்கே நீங்கள் இந்த வேலைக்கு வருவதாக உறுதி எடுத்துக்கொண்டீர்கள்."

நீராவி அக்காவுக்கு முதலில் மொழி புரியவில்லையோ என்று தோன்றியது. "யார் இறந்தது?" என்றாள்.

"உங்கள் அம்மா. உள்ளே போகும்போது உங்களிடம் நீலச் சால்வையைக் கொடுத்திருக்கிறார்."

இளைஞன் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீரைக் குடித்தான். கண்ணாடிக்காரி சிரிக்கவில்லை. மேசையில் இருந்த காகிதக் கட்டிலிருந்து இன்னும் சில தாள்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினாள்.

"போன மாதம் சமையல் கூடத்துக்கு விண்ணப்பித்த ஒருவருக்கும் அம்மா இதே மாதிரி இறந்திருக்கிறார். நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிச்செல்லும் வேலைக்கு வந்தவருக்கும் அப்படித்தான். தோட்டக்காரருக்கும். எல்லாருக்கும் சால்வை நீலம்." தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினாள். "உங்கள் அனுபவத்தைப் பார்த்துத்தான், நேரில் கேட்டுவிடலாம் என்று கூப்பிட்டேன். உங்கள் அம்மா எப்போது இறந்தார்?"

"என் அம்மா உயிரோடு இருக்காங்க," என்றாள் நீராவி அக்கா. அந்த மொழியில் அவள் தடுக்காமல் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

"அப்படியானால் இது யார் எழுதியது?"

வாயைத் திறந்தாள். கொழுந்தன் என்று சொல்லலாம். சொன்னால் அடுத்து என்ன கேட்பார்கள் என்று தெரிந்தது. கீழே இருக்கும் கையெழுத்து யாருடையது?

"சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதி அனுப்புங்கள்," என்றாள் கண்ணாடிக்காரி. "அன்று மாலை முடிவெடுக்கிறோம்."

கண்ணாடி மறுபடி தலைக்கு ஏறியது. வெளியே வந்து மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது, அறைக்குள் இளைஞனின் சிரிப்பு வெடித்தது அவள் காதில் விழுந்தது. மின்தூக்கியை விட்டுவிட்டுப் படியில் இறங்கினாள். ஒவ்வொரு மாடியிலும் கைப்பிடிச் சுவரின் தூசி கையில் ஒட்டியது. துடைக்க அப்போது துணி இல்லை.

*

அன்று இரவு லேப்டாப் வந்ததும் வழக்கம்போல நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, "அண்ணி, டீ?" என்றான்.

"அம்மா செத்த வீட்ல டீ கிடையாது."

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அண்ணி, கோபப்படாம கேளுங்க. அந்த லெட்டர் ராசியான லெட்டர். அதால எத்தனை பேருக்கு..."

"யாருக்கு? ஒருத்தர் பேரைச் சொல்லு."

"மருந்துக்கடைக்காரருக்கு உடனே கிடைச்சுது! அவர்தான் அதை முதல்ல எழுதினது. அவர் வேலைக்கு வந்தப்ப எனக்குக் காட்டினார். படிச்சிட்டு எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. இதைவிட நல்லா யாரால எழுத முடியும்னுதான்..."

"அதனால?"

"பேரையும் வேலையையும் மட்டும் மாத்தி மாத்தி..."

"தோட்டக்காரருக்கும் அதே அம்மாவா? செடிக்குத் தண்ணி ஊத்துறவருக்கு ஆபரேஷன் எதுக்குடா?"

"அதுல கொஞ்சம் மாத்தினேன் அண்ணி. ஆஸ்பத்திரித் தோட்டத்தைப் பார்த்து மனசு ஆறுச்சுன்னு..."

பேருந்துக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவியின் கண்ணைப் பார்த்ததும் அதை இருமலாக்கினார்.

"இத்தனை வருஷமா என் தலையில மிளகா அரைச்சிருக்க," என்றாள் நீராவி அக்கா. "இதுக்கு முன்னால நான் அனுப்பின ஒரு விண்ணப்பத்துக்கும் பதில் வரல. என் வயசுதான் காரணம்னு நினைச்சேன். என் பேச்சுதான் காரணம்னு நினைச்சேன். ராத்திரியெல்லாம் என்னையே நொந்துக்கிட்டேன். பார்த்தா நீ வீட்டுக்கு வீடு எங்கம்மாவுக்குப் பாடை கட்டிக்கிட்டு இருந்திருக்க!"

"நான் உதவிதானே அண்ணி பண்ணேன்? ஒரு பைசா வாங்கினேனா?"

"வாங்கியிருந்தா படிச்சுப் பார்த்திருப்பேன்டா!"

சொல்லி முடித்ததும் அவளே நின்றுவிட்டாள். அந்த வார்த்தை போன வேகத்தில் அவள் பக்கமே திரும்பி வந்தது. படிக்கத் தெரிந்தவள்தானே அவள்? தாளைப் புரட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பக்கத்து மேசைக்காரியைக் காட்டிக்கொடுத்தபோது இருந்த நிமிர்வு எங்கே போனது? கோபம் ஆறவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் இப்போது அது இருவருக்கும் சேர்த்துப் பொங்கியது.

மறுபடி துணியைத் தேடினாள். துடைக்க இடம் எதுவும் மிச்சம் இல்லை. தொலைபேசியை எடுத்து அம்மாவை அழைத்தாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"நான் எதுல செத்தேன்?" என்றாள் அம்மா.

"ஆபரேஷன்ல."

"முழங்கால் ஆபரேஷனா? அதைப் பண்ணிக்கோன்னு நீங்க எல்லாரும் சொன்னப்பவே நான் மாட்டேன்னேன் பார்த்தியா!" மூச்சு வாங்கிக்கொண்டாள். "சரி, அத்தனை தடவை செத்திருக்கேனே, யாருக்காவது வேலை கிடைச்சுதா?"

"இல்லம்மா."

"அப்ப எதுக்குடி சாகணும்? அந்தப் பயகிட்ட போனைக் குடு."

லேப்டாப் கையைக் கூப்பிக்கொண்டு பின்வாங்கினான். நீராவி அக்கா ஒலிபெருக்கியை அழுத்தினாள். அடுத்து வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. அவன் காது சிவக்கச் சிவக்கக் கேட்டுக்கொண்டு நின்றான். கடைசியில் அந்தக் குரல், "சாப்பிட்டியாடா?" என்று கேட்டபோதுதான் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

*

அடுத்த நாள் அவனைக் கையோடு மருந்துக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். செய்தி அனுப்பி மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்று அவன் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மருந்துக்கடைக்காரர் வெள்ளைக் கோட்டில் மாத்திரைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். எத்தனை பேருக்குக் கொடுத்தான் என்பதையும் சொன்னான். அவனுக்கே கணக்கு சரியாகத் தெரியவில்லை.

"சால்வையுமா?" என்று கேட்டார் அவர்.

"ஆமாங்க."

"அதைக்கூட மாத்தலையா?"

மருந்துக்கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து, வைத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"அது எங்கம்மா, தம்பி. அன்னிக்கு உள்ள குளிரும், போர்த்திக்கிட்டுப் போங்கன்னு சொன்னேன். உனக்குத்தான் சளி பிடிக்கும், நீ வெச்சுக்கோன்னு குடுத்துட்டுப் போனாங்க. அதை எழுத எனக்கு ஒரு வாரம் ஆச்சு." குரல் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் பரவாயில்லை என்று நீராவி அக்காவுக்குத் தோன்றியது. "நான் உங்ககிட்ட காட்டினது நீங்க படிக்கத்தான்."

வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்து இருமல் மருந்து கேட்டார். மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார், மீதி கொடுத்தார். அதன்பிறகு இவர்கள் பக்கம் திரும்பவில்லை.

வெளியே வந்ததும் லேப்டாப் நடைபாதையில் நின்று கணினியைத் திறந்து, அந்தக் கடிதத்தை அவள் கண்ணெதிரில் அழித்தான். "போச்சு அண்ணி," என்றான். முகம் அழுவதுபோல இருந்தது. அவள் அவனை அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள்.

*

வியாழக்கிழமை சாயங்காலம் சமையல் மேசையில் தாளையும் பேனாவையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பயம் இருந்தது. ஆனால் கோபம் அதைவிட உயரமாக இருந்ததால் பயம் தலையெடுக்கவில்லை. நான்கு பக்கம் ஒரே மூச்சில் எழுதினாள். கொழுந்தன், சிரித்த இளைஞன், ஆறு வருடச் சட்டம், சலவைக்கூடத்தின் சூடு, பேரார்வம் கேட்கிறவர்களுக்கு ஒருநாள் கருவி கழுவிப் பார்க்கும் தைரியம் உண்டா என்ற சவால், எல்லாம் அதில் இருந்தன.

பேருந்துக்காரர் படித்தார். நாள் முழுக்கப் பயணிகளோடு பேசுவதால் அந்த மொழி அவருக்குச் சரளம்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. இதை அனுப்பினா நாளைக்குப் போலீஸ் வரும்."

"கிண்டல் பண்ணாதீங்க."

"கிண்டல் இல்லம்மா. என் பஸ்ல ஏறுறவங்க எங்க போகணும்னுதான் முதல்ல சொல்லணும். சில பேர் ஏறினதும் ஏன் லேட்டாச்சு, யார் மேல தப்புன்னு ஆரம்பிப்பாங்க. அவங்க சொல்றது நியாயமாவே இருக்கும். ஆனா பின்னால வரிசை நிக்குமே. நீ எங்க போகணும்?"

"அந்த ரூமுக்கு."

"போய்?"

"தட்டு அடுக்கணும்."

"அதை எங்க எழுதியிருக்க?"

புரட்டிப் பார்த்தாள். நான்காவது பக்கத்தின் கீழ்க்கோடியில் இருந்தது, அதுவும் பாதி வாக்கியமாக. பல்லைக் கடித்துக்கொண்டு தாள்களை மடித்து ஓரமாக வைத்தாள். கிழிக்கவில்லை. ஒரு வரியும் பொய் இல்லை, எதற்குக் கிழிக்க வேண்டும்? புதுத் தாளை எடுத்தாள்.

அந்தக் கடிதம் இதுதான்:

'கிருமி நீக்கும் பிரிவில் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்தவள் நான். என் பெயரில் வந்த முதல் கடிதத்தை நான் எழுதவில்லை. ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். நான் பதினெட்டு வருடம் செய்த வேலையில் இதைவிடப் பெரிய தவறு கிடையாது. என் அம்மா உயிரோடு இருக்கிறார். நான் இந்த வேலைக்கு வந்ததற்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. வேலை காலியாக இருந்தது, வந்தேன், நன்றாகச் செய்தேன். எலும்பு, கண், மகப்பேறு அறுவைகளுக்கான தட்டுகளைத் தனியாக அடுக்குவேன். உங்கள் விளம்பரத்தில் இரண்டு வகை இயந்திரங்கள் இருக்கின்றன. பழையது எனக்கு நன்றாகப் பழக்கம். புதியதைத் தொட்டதில்லை, கற்றுக்கொடுக்க வேண்டும். உங்கள் மொழியைத் தடுக்கித் தடுக்கித்தான் பேசுவேன், படிப்பது நன்றாக வரும். ஈரப் பொட்டலத்தை யார் அவசரப்படுத்தினாலும் மேலே அனுப்ப மாட்டேன். ஒரு மணி நேரம் கொடுத்தால் நேரில் செய்து காட்டுகிறேன்.'

பேருந்துக்காரர் இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தினார். பேரார்வம் என்ற சொல்லை எங்காவது நுழைக்கலாமா என்று கேட்டார். அவள் பார்த்த பார்வையில் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை விரல் வைத்துப் படித்தாள். முடித்ததும் மறுபடியும் படித்தாள்.

*

திங்கட்கிழமை கூப்பிட்டார்கள். இந்த முறை மேசையும் கூஜாவும் இல்லை. நேரே அடித்தளத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கதவு திறந்ததும் முகத்தில் அடித்த சூட்டில் அவளுக்குக் கண் எரிந்தது. சூட்டினால் மட்டும்தானா என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை.

கண்ணாடிக்காரி எஃகு மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அம்மா எப்படி இருக்கிறார்?"

"முழங்கால் வலி. மத்தபடி எல்லாரையும் திட்டிக்கிட்டு நல்லா இருக்காங்க."

கண்ணாடிக்காரி ஒரு தட்டை அவள் பக்கம் தள்ளினாள். "இது சரிபார்த்த தட்டு. சீட்டில் இரண்டாவது கையெழுத்து மட்டும் பாக்கி. போட்டுவிடுங்கள், பிறகு பேசலாம்."

நீராவி அக்கா கையைக் கழுவினாள், உறை மாட்டினாள். தட்டிலிருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். ஒவ்வொரு கத்தரிக்கோலையும் விரித்து, ஒவ்வொரு இடுக்கியையும் கவ்வவிட்டு, உருப்பெருக்கியின் கீழ் கொண்டுபோனாள். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் கடிகாரத்தைக் காட்டிக் கண்ணடித்தான். அவள் அவசரப்படவில்லை. எல்லாவற்றையும் பழையபடி அடுக்கினாள்.

"குறை ஏதாவது?"

"இல்ல."

"அப்படியானால் இவ்வளவு நேரமும் வீண்தானே?"

"நீங்க சொன்னப்ப, குறை இல்லைன்னு உங்களுக்குத்தான் தெரியும். இப்ப எனக்கும் தெரியும்," என்றாள். பிறகு அடக்க முடியாமல் அதையும் கேட்டுவிட்டாள்: "இந்த வேலைக்குப் பேரார்வம் வேணும்னு யார் எழுதுறது? நீங்களா?"

கண்ணாடிக்காரி கண்ணாடியைத் தலைக்கு ஏற்றினாள். "மேலே, அலுவலகத்தில்," என்றாள். "அவர்களிடமும் ஒரே கடிதம்தான் இருக்கிறது. எல்லா விளம்பரத்துக்கும் அதையே போடுகிறார்கள்."

மூன்று மாதம் சோதனைக்காலம், பிறகு நிரந்தரம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

*

சோதனைக்காலம் முடியப்போகும் தறுவாயில் ஒருநாள், மேலே அலுவலகத்திலிருந்து அந்தச் சிரித்த இளைஞன் ஒரு கட்டுத் தாளோடு இறங்கி வந்தான். நேரே அவளிடம் வந்து நீட்டினான். அவன் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. குழப்பம் இருந்தது.

தளவாடக் கிடங்குக்கு ஒரு விண்ணப்பம். வாகன நிறுத்துமிடத்துக்கு ஒன்று. சமையல் கூடத்துக்கு இரண்டு. எல்லாக் கடிதங்களிலும் ஒரே வரிகள் இருந்தன.

'என் பெயரில் வந்த முதல் கடிதத்தை நான் எழுதவில்லை. என் அம்மா உயிரோடு இருக்கிறார்.'

சமையல் கூடத்துக்கு விண்ணப்பித்தவர், ஈரப் பொட்டலத்தை யார் அவசரப்படுத்தினாலும் மேலே அனுப்ப மாட்டேன் என்று உறுதி கூறியிருந்தார்.

நீராவி அக்கா அன்று தன் மேசையைத் துடைத்தாள். பக்கத்து மேசையைத் துடைத்தாள். வேலை முடிந்து வெளியே வந்ததும் கொழுந்தனைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"அண்ணி, சத்தியமா நான் திருடல!" என்று அவன் அலறினான். "இது உண்மையான லெட்டர்தானே, உண்மைக்கு எப்பவும் மதிப்பு உண்டுன்னு நினைச்சு... நீங்க பிரியப்பட்டுத்தான் அனுப்பினீங்கன்னு நினைச்சேன்!"

"நான் எங்கடா அனுப்பினேன்?"

"அண்ணன்தான் போட்டோ எடுத்து அனுப்பினார். பாருடா உன் அண்ணி எழுதினதைன்னு. அவர் டிப்போவுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினாராம்..."

அன்று சாயங்காலம் பேருந்துக்காரர் விசிலடித்துக்கொண்டே படியேறி வந்தார். கதவைத் திறந்தார். தரை மின்னியது. சுவர் மின்னியது. கூரையில் தொங்கிய விளக்கின் மூடியைக்கூட யாரோ ஏறி நின்று துடைத்திருந்தார்கள். விசில் நின்றது.

"யாரு?"

உள்ளே தண்ணீர் சொட்டும் சத்தம் நின்றது.

"நீங்க."

பேருந்துக்காரர் வைத்த காலைப் பின்னால் எடுத்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, வெளியே மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார்.